ஆப்பிள் கேக்கில் ராகி மாவு

எந்தப் பழத்தில் எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். செல்போனைத் தட்டினால் வந்துவிடுகிறது. அதைச் சொல்வதற்கு ரிட்டயர் ஆன ஒருத்தியைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காபியும் கொடுத்து உட்கார வைக்க வேண்டியதில்லை. அதனால் நான் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். டயட்டீசியன் வேலையில் சேர்ந்திருக்கிற உங்களுக்கு இப்படி ஒரு குடும்பம் கட்டாயம் வாய்க்கும். பெயரும் ஊரும் வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

டயாலிசிஸ் வார்டு டயட்டீசியனுக்கு வெளியே நல்ல பெயர் கிடைக்காது. அதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் எதை நல்லது என்கிறதோ அதை நாம் வேண்டாம் என்போம். இளநீர் வேண்டாம், கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டு, வாழைப்பழத்தைத் தொடாதே, வெல்லத்தை மற, ராகியை விடு. ஊர் எதைத் திட்டுகிறதோ அதை இலையில் வைப்போம். வெள்ளைச் சர்க்கரை, மைதா, பாலிஷ் போட்ட அரிசி. "இந்தம்மா எங்க படிச்சாங்களாம்?" என்று என் காது கேட்கவே கேட்டிருக்கிறார்கள். கிட்னி வேலை செய்யாவிட்டால் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும், அளவு தாண்டினால் இதயம் நின்றுபோகும் என்று நானும் சளைக்காமல் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். வாசலில் இறங்கியதும் இளநீர் வண்டி நிற்கும்.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் முனியப்பா. ஓசூரை அடுத்த உத்தனப்பள்ளிப் பக்கம். சொந்தக் காடு, தக்காளியும் ராகியும் போடுவார், நாலைந்து மாடு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டு கிட்னி போனவர். சர்க்கரை வியாதி கிடையாது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ராகி வேண்டாம், வெல்லம் வேண்டாம் என்று நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன அன்றைக்கு அவர் கோபப்படவில்லை. "அப்ப நான் என்னாதான் மேடம் திங்கறது?" என்று கேட்டார். கேட்ட விதத்தில், பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல இருந்தது.

அடுத்த சில வாரங்களில் ஆள் பாதியாகிவிட்டார். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று அவர் மனைவி ராமக்கா சொன்னாள். சாப்பிடாத டயாலிசிஸ் நோயாளி, கண்டதையும் சாப்பிடுகிற நோயாளி அளவுக்கே ஆபத்தானவர். அதனால்தான் ஆப்பிள் கேக்கைச் சொன்னேன்.

கேக் என்பது வார்டில் வைத்த பெயர். உண்மையில் அது கேக் இல்லை. ஆப்பிளைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். வடிந்த துண்டுகளில் வெள்ளைச் சர்க்கரையும் துளி பட்டைப் பொடியும் புரட்டி, கிண்ணத்தில் பரப்பி, மைதாவையும் உப்பில்லாத வெண்ணெயையும் விரலால் உதிர்த்து மேலே தூவி, ஓவனில் வைத்து எடுப்பது. ஓவன் இல்லாத வீட்டில் குக்கரில் மணல் பரப்பி, விசிலையும் ரப்பரையும் கழற்றிவிட்டுச் செய்யலாம். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே குழைந்தும் வரும். ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டால் வயிற்றுக்கும் ஏதோ கிடைக்கும், மனதுக்கும் ஏதோ கிடைக்கும்.

இதைக் கேட்டுக்கொள்ள வந்தது மகன் சீனிவாசன். நைட் ஷிஃப்ட் முடிந்து, சிப்காட்டிலிருந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. எழுதித் தரட்டுமா என்றதற்கு, "வேணாம் மேடம், ஈஸிதான்" என்றான். ஈஸிதான் என்று சொல்கிற ஆண்பிள்ளைகளிடம் நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள். அவர்கள் வாழ்நாளில் அடுப்பைப் பற்ற வைத்திருக்க மாட்டார்கள்.

செய்தவள் அவன் மனைவி கவிதா. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். அப்பா பிழைப்புக்காக ஓசூர் வந்தவர். கவிதாவும் சீனிவாசனும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ராமக்காவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. மருமகளுக்குத் தெலுங்கு தெரியாது, மாட்டைக் கண்டால் பயம், ராகிக் களி கிண்டத் தெரியாது. வீட்டில் சேர்த்துக்கொண்டார்களே தவிர, சமையல்கட்டில் அவளுக்கென்று இடம் கொடுக்கவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்கள் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்த சின்ன ஓவன் மட்டும் அவளுடையது. அந்தக் கரண்ட் அடுப்பில் வேகிற எதையும் ராமக்கா வாயில் வைக்க மாட்டாள்.

மாமனார் அந்த ஆப்பிள் கேக்கைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. காலையில் செய்தாள், ஷிஃப்ட் இல்லாத நாளில் சாயங்காலமும் செய்தாள். மாமனாருக்கு முகம் தெளிந்தது. ராமக்காவே ஒருமுறை என்னிடம், "ஏதோ அந்தப் பொண்ணு செஞ்சு குடுக்குது, திங்கறாரு" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே அதிகம்.

ஆனால் ரத்தப் பரிசோதனை வேறு சொன்னது. பொட்டாசியம் மெல்ல ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக.

டாக்டர் சுருக்கமாக முடித்துவிட்டார். "ஆள் ஏமாத்துறார். வெளியே எங்கேயோ சாப்பிடுறார்." டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான். இளநீரா என்று கேட்டேன், இல்லை என்றார். மாம்பழமா, இல்லை. தக்காளி ரசமா, இல்லை. கேட்டதற்கெல்லாம் அவர் சொன்னது உண்மை. வீட்டில் ராமக்கா அவர் சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தாள். காட்டுக்குப் போனால் பின்னாலேயே போனாள்.

ஒருநாள் முற்பகல் அவரைக் காரில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாட்டைக் கட்டப் போனவர் கால் துவண்டு தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். எழுந்திருக்க முடியவில்லை. நாடி மெதுவாக அடித்தது, ஈ.சி.ஜி. பார்த்த நர்ஸ் ஓடினாள். ஊசி போட்டு, மெஷினைத் தயார் செய்து, அவசரமாக டயாலிசிஸில் ஏற்றினார்கள். கதவு மூடுவதற்கு முன் டாக்டர் என்னைப் பார்த்து, "என்ன சாப்பிட்டார்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னொரு தடவை இப்படி வந்தா காப்பாத்த முடியாது" என்றார்.

வராந்தாவில் ராமக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தேவுடா, தேவுடா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கவிதா சுவரோரம் நின்றாள். சீனிவாசன் ஷிஃப்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. நான் போனதும் ராமக்கா நிமிர்ந்தாள். அவள் பேசியது என்னிடம், பார்த்தது கவிதாவை. "நல்லாதான் இருந்தாரு மேடம். இந்தப் பொண்ணு கால வச்சதுல இருந்துதான் எங்க வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு."

இந்த மாதிரி நேரத்தில் நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. என்ன சாப்பிட்டார்? அதைக் கேட்டால் பழிதான் கிடைக்கும், பதில் கிடைக்காது. ஆளாளுக்கு அடுத்தவர்மேல் கையை நீட்டுவார்கள். நான் கவிதாவிடம், "காலையில என்ன செஞ்சே?" என்று மட்டும் கேட்டேன். அவள் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினாள். டயாலிசிஸ் முடிந்ததும் மாமாவுக்குக் கொடுக்கலாம் என்று அந்தக் கலவரத்திலும் எடுத்து வந்திருக்கிறாள்.

திறந்தேன். மேல்மாவு கருஞ்சிவப்பாக இருந்தது. ஓவனில் வெந்தால் சிவக்கும்தான், ஆனால் மைதா இப்படிச் சிவக்காது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். ராகி. அடியில் வெல்லத்தின் கரிப்பு. ஆப்பிள் தோலோடு இருந்தது, கொதிக்கவைத்து வடித்த அடையாளமே இல்லை.

நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் நேர்மாறாகச் செய்திருந்தாள். ஏன் என்று பிறகு அவளே சொன்னாள். புருஷன் வந்து மைதா, சர்க்கரை என்று சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கிட்னி போனவருக்குப் போய் யாராவது மைதா கொடுப்பார்களா? சரியாகக் கேட்டீர்களா என்று அவனைக் கேட்டிருக்கிறாள். "ஏதோ மாவு, ஏதோ சர்க்கரைம்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். வீட்டில் சொந்தக் காட்டு ராகி அரைத்து டின் நிறைய இருக்கிறது. மண்டை வெல்லம் இருக்கிறது. இரண்டும் மாமனாருக்கு ஆகாது என்று, சமையல்கட்டில் இடமில்லாத அவள் காதில் யாரும் போடவில்லை. தோலில்தான் சத்து, வடித்தால் சத்து போய்விடும் என்று அவள் பார்த்த வீடியோ எல்லாம் சொல்லியிருக்கிறது. நல்ல வீட்டில் வளர்ந்த, அக்கறையுள்ள பெண் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்திருக்கிறாள். அக்கறையில்லாதவளாக இருந்திருந்தால் கடையில் மைதா வாங்கிப் போட்டு முடித்திருப்பாள்.

"அதுல என்னா மேடம்?" ராமக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் சொல்ல எனக்குக் கிடைத்தது, டிபன் பாக்ஸை மூடுகிற நேரம்தான். உள்ளே ஒரு மனிதர் பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாது. இந்த இடத்தில் நான் 'ராகி' என்று ஒரு வார்த்தை சொன்னால், உள்ளே எது நடந்தாலும் வெளியே நிற்கிறவள் கதை முடிந்தது. உத்தனப்பள்ளியில் அவள் பெயர் அதன்பிறகு கவிதா இல்லை. மாமனாருக்கு விஷம் வைத்தவள். அவர் பிழைத்தாலும் அந்தப் பெயர் போகாது.

"செஞ்சதுல ஒண்ணுமில்லம்மா. நாங்க சொன்ன பக்குவம் அவர் உடம்புக்கு ஒத்துக்கல. இனி இதைக் குடுக்காதீங்க, நான் மாத்திச் சொல்றேன்" என்றேன்.

ராமக்கா எழுந்து நின்றாள். பிறகு எனக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய், இடையில் கன்னடத்திலும் ஒன்றிரண்டு. அரைகுறையாகப் படித்துவிட்டு ஆளைக் கொல்ல உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்த பகுதி. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவள் மருமகள் பக்கம் திரும்ப மாட்டாள்.

கவிதாவைக் கை கழுவும் இடத்துக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். ராகி, வெல்லம், தோல், வடிக்காத தண்ணீர், நாலும்தான் என்று. "நானா மேடம்? நல்லதுன்னுதானே போட்டேன். அவுக சரியாச் சொல்லலியே மேடம்."

"இப்ப அழாதே. அழுதா உங்க அத்தைக்குத் தெரிஞ்சிடும். அழணும்னா வீட்டுக்குப் போற பஸ்ல அழுதுக்கோ" என்றேன். கல்நெஞ்சு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து அத்தை பக்கத்தில் நின்றாள்.

இதைக் கேட்டுவிட்டு நீங்களும் வராந்தாவில் நின்று பொய் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். டாக்டரிடம் உடனே போய் உள்ளது உள்ளபடி சொன்னேன். கேஸ் ஷீட்டில் ராகி, வெல்லம் என்றே எழுதினேன். நோயாளி பெயரில் எழுதுகிற இடத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் வரக்கூடாது. டாக்டர், "ஆஸ்பத்திரி பேரை இழுத்து விட்டிருக்கீங்க" என்றார். இழுத்துத்தான் விட்டிருந்தேன். மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். கொடுத்தேன். அவருக்குத் திருப்தியில்லை, அது அவர் பாடு.

முனியப்பா பிழைத்துக்கொண்டார். அடுத்த டயாலிசிஸுக்கு அவர் வந்தபோது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ராமக்கா டீ குடிக்கப் போயிருந்தாள்.

"அதுல ராகி இருந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "ராகி தெரியாதா மேடம் எனக்கு? என் காட்டு ராகி. வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"அந்தப் புள்ள ஆசையா செஞ்சுது. அது மனசு நொந்துபோயிடும்னு."

"அது ஒரு காரணம். இன்னொண்ணையும் சொல்லுங்க."

லேசாகச் சிரித்தார். "இந்த வியாதி வந்ததுல இருந்து என்னா தின்னாலும் வைக்கோல் தின்ன மாதிரி. அது ஒண்ணுதான் சோறு தின்ன மாதிரி இருந்துச்சுங்க. சொன்னா நிறுத்திடுவாங்க. போனா போவுது, என் உசுருதானே."

வேலையில் நான் கோபப்பட்ட நாட்கள் குறைவு. அன்று பட்டேன். குரலை உயர்த்தவில்லை, பக்கத்துப் படுக்கையில் ஆள் இருந்தது. "உங்க உசுரு மட்டும்னா நான் ஏன் கேக்கப்போறேன்? அன்னைக்கு நீங்க போயிருந்தா அந்தப் பொண்ணு கதி என்ன? உங்க சம்சாரம் அதை வீட்டுக்குள்ள விட்டிருப்பாங்களா? ஊர்ல என்ன பேரு வச்சிருப்பாங்க? அது மனசு நோகக்கூடாதுன்னு தின்னீங்களாமே, இதுக்குப் பேரு என்ன?"

அவர் குழாயில் போகிற தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. சாவைப் பற்றி யோசித்துப் பழகியவர், அதற்கு அடுத்த நாளை யோசிக்கவில்லை. நர்ஸ் வந்து மெஷினில் ஏதோ திருகினாள். நான் ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதிகம் பேசிவிட்டோமோ என்று அன்று முழுவதும் உறுத்தியது.

அதற்கு அடுத்த முறை ராமக்கா நேராக என் அறைக்கு வந்தாள். மறுபடியும் திட்டு என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் மேடம். மனசுல வச்சுக்காதீங்க. எல்லாம் இந்த ஆளு பண்ண வேலை" என்றாள். நான் கோபப்பட்ட அன்றைக்கே முனியப்பா வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் சொன்ன பக்குவம் சரிதான், ராகியும் வெல்லமும் போடச் சொன்னது தான்தான், யாருக்கும் தெரியக்கூடாது என்று மருமகளை மிரட்டி வைத்ததும் தான்தான் என்று சொல்லியிருக்கிறார். கவிதா வாயைத் திறக்கப் போனாளாம். "நீ சும்மா இரு, இன்னும் என்னா பயம்?" என்று அதட்டிவிட்டாராம். இதைப் பிறகு கவிதாதான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், நானும் தடுக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்து முனியப்பாவுக்கு வீட்டில் கெட்ட காலம். ராமக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மருமகளிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். இந்த ஆளை நம்பக்கூடாது, நாம் ரெண்டு பேரும்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று. ஆப்பிளைத் தோல் சீவுவது ராமக்கா, கொதிக்கவைத்து வடிப்பது ராமக்கா, மைதா வாங்கி வந்ததும் ராமக்கா. ஓவனில் வைப்பது மட்டும் கவிதா.

டயாலிசிஸ் படுக்கையில் முனியப்பா என்னைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கேக் எப்படி இருக்கு?" என்றேன்.

"வெள்ளையா இருக்கு" என்றார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல. பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ராகி மாவு டின்ன தூக்கி அலமாரியில வச்சுப் பூட்டிட்டா மேடம். நான் திருடித் தின்னுடுவேனாம். சாவிய அவகூட வச்சுக்கல. எனக்கு எரக்கப்பட்டுக் குடுத்தாலும் குடுத்துடுவாளாம். மருமககிட்டக் குடுத்துட்டா. அந்தப் புள்ள கம்பெனி ஐ.டி. கார்டுக் கயித்துல சாவிய மாட்டிக்கிட்டு ஷிஃப்டுக்குப் போயிடுது."

அன்றைய ரத்தப் பரிசோதனை என் கையில் இருந்தது. பொட்டாசியம் இறங்கியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப மத்தவங்களுக்குக் களி?" என்று கேட்டேன்.

ராமக்கா பின்னால் வந்து நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவள்தான் பதில் சொன்னாள்.

"அவ வரட்டும் மேடம். அவ வந்து தொறந்தாதான் எங்க வீட்டுல களி."